பட்டி நாயும் கிர் சிங்கமும்

போன மாரி முடிந்த கையோடு, காட்டோரப் பட்டி ஒன்றுக்கு மாடு பார்க்கப் போயிருந்தேன். வேலை முடிந்து கை கழுவும்போதுதான் கண்டேன்: வேலியோரம் ஒரு நாய். கண் முழுக்கப் பூளை, மூக்கில் கட்டிச் சளி. எதையோ மெல்லுவதுபோல் வாய் துடித்துக்கொண்டே இருந்தது.

"விசர் ஊசி போட்டனாங்கள்தானே டொக்டர், பிறகேன் இப்பிடி?" என்று கேட்டார் பட்டிக்காரர்.

"ஐயா, முதல்ல பிள்ளையளைக் கிட்டப் போக விடாதேங்கோ" என்றேன். இப்படித் துடிக்கிற நாயைப் பரிசோதிக்காமல் விசர் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சளியும் பூளையும் எனக்கு டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயைத்தான் காட்டின. மனிதருக்குத் தொற்றாது, ஆனால் வைரஸைக் கொல்ல மருந்தும் இல்லை. விசர் ஊசி இதைத் தடுக்காது. இது வேறு ஊசி.

அவருக்குக் கிர் காட்டின் கதையைச் சொன்னேன். குஜராத்தில் இருக்கிறது. புள்ளிமான், மரை, சிறுத்தை, நீர்த்தேக்கத்தில் முதலை என்று பாதி வன்னி மாதிரித்தான். கூடுதலாகச் சிங்கம். (எங்களுக்குச் சிங்கம் கொடியில் மட்டும்.) ஆசியச் சிங்கம் காட்டில் வாழ்வது உலகிலேயே குஜராத்தில் மட்டுந்தான், 2025 கணக்கெடுப்பில் 891. 2018 செப்டெம்பரில், கிர் கிழக்கில் தல்கானியாப் பகுதியில் சில வாரங்களுக்குள் 23 சிங்கங்கள் செத்தன. பலவற்றில் டிஸ்டெம்பர் வைரஸ், சிலவற்றில் உண்ணி பரப்பும் பபேசியா என்ற இரத்த ஒட்டுண்ணி. அமெரிக்காவிலிருந்து அவசரமாகத் தடுப்பூசி வரவழைத்தார்கள். 1994இல் ஆபிரிக்காவின் செரெங்கெட்டியிலும் இதே வைரஸ்தான். மூன்றில் ஒரு பங்கு சிங்கங்கள் போயின. அங்கே சுற்றுவட்டாரக் கிராமத்து நாய்கள்மேல்தான் சந்தேகம் விழுந்தது.

நாய்க்கும் சிங்கத்துக்கும் எங்கே சந்திப்பு என்று கேட்பீர்கள். செத்த மாட்டில். கிர் ஓரக் கிராமங்களில் செத்த மாட்டைச் சிங்கமும் தின்னும், நாயும் தின்னும். எச்சிலும் சளியும் போதும், வைரஸுக்கு வேறு வழி தேவையில்லை. நாங்களும் செத்த மாட்டைக் கயிறு கட்டி இழுத்துக் காட்டுக்கரையில்தானே போடுகிறோம்? இரவில் அதற்கு வருவது நாய், நரி, சில நேரம் சிறுத்தை. நரியையும் சிறுத்தையையும் இந்த நோய் விடாது. செத்த மாட்டை ஆழமாகப் புதையுங்கள். மண்வெட்டி வேலைதான், எனக்கும் தெரியும், ஆனாலும் புதையுங்கள்.

ஊசி குட்டிக்கு ஆறு முதல் எட்டுக் கிழமையில் தொடங்க வேண்டும். பிறகு மூன்று நான்கு கிழமைக்கு ஒருக்கால், பதினாறு கிழமை வரை. ஒன்று போட்டுவிட்டு நிறுத்துவதில் பயனில்லை. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தியே முதல் ஊசியை வேலை செய்யவிடாமல் பண்ணிவிடும்.

"சிங்கம் கிடக்கட்டும் டொக்டர், எவ்வளவு முடியும்?" என்றார் பட்டிக்காரர். சொன்னேன். முகம் சுழித்தார்.

அடுத்த கிழமை இரண்டு குட்டிகளை உரப்பையில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். பெரியது செத்துவிட்டதாம். குட்டி ஒன்றுக்கு ஏற்கெனவே கண் கசிந்துகொண்டிருந்தது. மற்றதுக்குப் போட்டேன்.