அப்பா விட்டுப்போன துப்பாக்கி: பரணில் வைத்தால் வழக்கு

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் வட்டவடை, காந்தளூர், மறையூர் பக்கம் காட்டுப்பன்றிக்கு அஞ்சி அப்பா காலத்தில் லைசென்ஸ் எடுத்த துப்பாக்கி இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அவர் இறந்ததும், காரியம் முடியட்டும் என்று பரணில் வைத்துவிடுகிறார்கள். லைசென்ஸ் அவர் ஒருவருக்குத்தான், குடும்பத்துக்கு அல்ல. அவருக்குப் பின் அது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்குத் தண்டனை 2 முதல் 5 ஆண்டு சிறை. ஒரு தோட்டாகூடச் சுடாத பிள்ளைகள் கோர்ட்டுக்கு அலைவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

அதனால் இறப்புச் சான்றிதழ் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். போலீஸ் ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லிவிட்டு, தோட்டாவைக் கழற்றி, துப்பாக்கியையும் தோட்டாவையும் அங்கே ஒப்படையுங்கள். உரிமம் உள்ள துப்பாக்கிக் கடையிலும் ஒப்படைக்கலாம். "ரசீது அப்புறம் தருகிறோம்" என்றால் நகராதீர்கள். துப்பாக்கி எண், தோட்டா எண்ணிக்கை, தேதி, முத்திரை நான்கும் அதில் இருக்க வேண்டும்.

ஒப்படைத்துவிட்டு மறந்தாலும் ஆபத்து. விற்கவோ உங்கள் பெயரில் லைசென்ஸ் எடுக்கவோ உள்ள கெடு தாண்டினால் அரசு பறிமுதல் செய்யலாம். வேண்டாம் என்றால் லைசென்ஸ் உள்ளவருக்கு விற்றுவிடுங்கள். வேண்டும் என்றால் வாரிசு என்ற முறையில் உங்கள் பெயரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். மற்ற வாரிசுகளின் சம்மதக் கையெழுத்தை முதலிலேயே வாங்குங்கள். நம் ஆட்களை அதிகம் திருப்பி அனுப்புவது பெயர்தான்: ஆதாரில் இனிஷியல் முன்னால், லைசென்ஸில் பின்னால், வாரிசுச் சான்றில் மலையாள எழுத்துக்கூட்டு. இதைச் சரிசெய்யாமல் பைனாவில் இருக்கும் மாவட்ட கலெக்டரேட்டுக்குப் பஸ் ஏறாதீர்கள், ஒரு நாள் கூலி போய்விடும்.

விண்ணப்பித்தவரைப் பற்றிய போலீஸ் அறிக்கை 30 நாளில் லைசென்ஸ் அதிகாரிக்குப் போக வேண்டும் என்கின்றன 2016 ஆயுத விதிகள். "ஃபைல் மேலே போயிருக்கிறது" என்ற பதிலோடு திரும்பாமல், எந்தத் தேதியில் எந்த எண்ணில் போனது என்று கேளுங்கள். சொத்து போதாது என்பதை மட்டும் காட்டி மறுக்கச் சட்டத்தில் இடமில்லை. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கேட்டால்தான் தருவார்கள், மேல்முறையீட்டுக்கு அதுதான் ஆதாரம்.

லைசென்ஸ் கிடைத்தாலும் உங்கள் இஷ்டத்துக்குப் பன்றியைச் சுட முடியாது, அதற்குத் தனி உத்தரவு வேண்டும்.

அப்பா உயிரோடு இருக்கிறாரா? அவருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, துப்பாக்கி வைத்து 25 ஆண்டு ஆகியிருந்தாலோ, இப்போதே உங்கள் பெயருக்கு விண்ணப்பிக்கலாம். அவர் கையெழுத்துப் போட முடிகிறபோதே அதை முடித்துவிடுங்கள்.