வரியை ஏற்றினால் சொந்த ஊர்க் கம்பெனிக்கே அடி

புயலும் காட்டுத்தீயும் வந்து ஒரு வருடம் முழுக்க நஷ்டப்பட்டாலும் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் அமெரிக்க மாநிலங்கள் வரி வாங்குமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். வாங்கும். வரி லாபத்தின் மேல் இல்லை, மக்கள் கட்டும் பிரீமியத்தின் மேல். கலிஃபோர்னியாவில் பெரும்பாலான காப்பீடுகளுக்கு 2.35%. 1000 டாலர் பிரீமியம் வந்தால் 23.50 டாலர் அரசுக்கு, இழப்பீடாக 1500 டாலர் போயிருந்தாலும். இழப்பீடு எவ்வளவு என்று முடிவாகச் சில சமயம் பல வருடம் ஆகும், பிரீமியத்தை அன்றைக்கே எண்ணிவிடலாம். மாநிலங்களுக்கு இந்த வரி பிடித்துப்போனதற்கு அது ஒரு காரணம். இந்தத் துறையைக் கட்டுப்படுத்துவதையும் வரி போடுவதையும் 1945-இல் மக்காரன்-ஃபெர்கசன் சட்டம் மூலம் நாடாளுமன்றம் மாநிலங்களிடமே விட்டுவிட்டது.

சரி, எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். பதிலடி வரி.

நெப்ராஸ்காவில் பெரும்பாலான காப்பீடுகளுக்கு 1% தான். ஆனால் கலிஃபோர்னியாவைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனி அங்கே போய் பாலிசி விற்றால் 1% கட்டிவிட்டுத் தப்ப முடியாது. "எங்கள் ஊர்க் கம்பெனியிடம் உங்கள் மாநிலம் 2.35% வாங்குகிறதே, நீயும் அதையே கட்டு" என்று மீதி 1.35%-ஐயும் நெப்ராஸ்கா வாங்கிக்கொள்ளும். வரியோடு கட்டணங்களையும் கூட்டித்தான் பொதுவாக ஒப்பிடுவார்கள்.

இப்போது கலிஃபோர்னியா வரியை 3% ஆக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நெப்ராஸ்கா சட்டத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, ஆனாலும் அங்கே கலிஃபோர்னியா கம்பெனி கட்டுவது தானாக 3% ஆகிவிடும். கூடுதலாக வரும் 0.65% நெப்ராஸ்கா கஜானாவுக்குத்தான், கலிஃபோர்னியாவுக்கு ஒரு காசு வராது. தன் ஊர்க் கம்பெனிகள் வெளியே நிறைய வியாபாரம் செய்யும் மாநிலம் வரியைத் தொடுவதற்கு முன் பத்து முறை யோசிக்கும். நெப்ராஸ்கா தன் வரியை இன்னும் குறைத்தாலும் கலிஃபோர்னியா கம்பெனியிடமிருந்து வருவது குறையாது. யாரும் உட்கார்ந்து ஒப்பந்தம் போடாமலே எல்லார் கையையும் கட்டிவைக்கும் இந்த ஏற்பாட்டைப் பள்ளிக் கணக்குப் பாடத்திலேயே வைக்கலாம் என்பேன்.

ஓஹையோ கம்பெனி ஒன்று இந்தப் பதிலடி வரியை எதிர்த்து வழக்குப் போட்டது. மற்ற மாநிலங்கள் அதிகமாக வரி போடாமல் தடுப்பது நியாயமான நோக்கம்தான் என்று உச்ச நீதிமன்றம் 1981-இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் அலபாமா உள்ளூர் கம்பெனிக்கு 1%, வெளிமாநில ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிக்கு 3% என்று வாங்கியபோது, உள்ளூர்த் தொழிலை வளர்ப்பதற்காக இப்படிப் பாகுபாடு காட்டக் கூடாது என்று அதே நீதிமன்றம் 1985-இல் சொல்லிவிட்டது. அந்த வித்தியாசம் சரியானது என்றே நினைக்கிறேன். முதலாவது மற்றவர் போடும் வரியைத் திருப்பிக் காட்டுகிறது, இரண்டாவது வெளியூர்க்காரர் என்பதற்காகவே கூடுதலாகப் பிடுங்குகிறது.