ரெண்டு இணைப்பு போட்டும் வேகம் ஏன் ரெட்டிப்பாவதில்லை?

100 எம்பிபிஎஸ் இன்டர்நெட் இணைப்பு இரண்டை ஒரே ரூட்டரில் செருகிவிட்டு, பெரிய ஃபைல் ஒன்றை டவுன்லோடு செய்து பாருங்கள். பெரும்பாலும் வேகம் 100-ஐத் தாண்டாது. ரூட்டரில் கோளாறு ஏதும் இல்லை.

இரண்டு இணைப்புக்கும் ஐபி முகவரி வேறுவேறு. ஒரு டிசிபி தொடர்பை (டவுன்லோடு போன்றவை இணையத்தில் நடக்கும் முறை) சர்வர் அடையாளம் காண்பது நான்கு விவரங்களை வைத்து: இரு முனைகளின் ஐபி, இரு முனைகளின் போர்ட் (எந்த நிரலுக்கானது என்று காட்டும் எண்). நடுவில் பாதிப் பாக்கெட்டுகள் (தரவின் சிறு துண்டுகள்) வேறு ஐபியிலிருந்து போய்ச் சேர்ந்தால், அவை இந்தத் தொடர்பைச் சேர்ந்தவை என்றே சர்வருக்குத் தெரியாது. அதனால் ரூட்டர் பாக்கெட்டுகளைப் பங்கு போடாமல் தொடர்புகளைப் பங்கு போடுகிறது. ஒரு லேப்டாப் புதிய தொடர்பு ஒன்றைத் தொடங்கும்போதே வழி முடிவாகிவிடும்; முடியும்வரை அதே வழிதான். பலர் வேலை செய்யும் அலுவலகத்தில் இதுவே போதும், சுமை இரண்டிலும் பரவிவிடும். சில வங்கித் தளங்கள் மட்டும் ஐபி மாறினால் லாகவுட் செய்துவிடும்; அவற்றை ஒரே வழியில் கட்டிவைக்க ரூட்டரில் விதி எழுதலாம்.

ஒரே டவுன்லோடுக்கே இரண்டின் வேகமும் வேண்டுமென்றால் மறுமுனையும் ஒத்துழைக்க வேண்டும். ஒரே தொடர்பைப் பல வழிகளில் பிரித்து அனுப்பும், 2013-இல் வெளியான மல்டிபாத் டிசிபி அதற்காக வந்ததுதான். ஆப்பிள் அதே ஆண்டு ஐஓஎஸ் 7-இல் தன் குரல் உதவியாளரான சிரிக்கு (Siri) அதைப் பயன்படுத்தியது.

என்னைக் கேட்டால், இரண்டாவது இணைப்பின் உண்மையான பயன் வேகமல்ல, ஒன்று போனால் இன்னொன்று கைகொடுப்பதுதான். அதில் கடினமான வேலை, 'போய்விட்டது' என்று கண்டுபிடிப்பது. தெருவில் ஃபைபர் அறுந்தாலும் வீட்டுக்குள் மோடத்துக்கும் ரூட்டருக்கும் இடையிலான கேபிள் நன்றாகவே இருக்கும். ரூட்டரில் கேபிள் செருகும் இடத்தின் விளக்கும் பச்சையாகவே எரியும். அதனால் ரூட்டர் சில விநாடிகளுக்கு ஒருமுறை 8.8.8.8 (கூகுளின் சர்வர்) போன்ற வெளி முகவரிக்கு ஒவ்வொரு வழியிலும் பிங் (பதில் கேட்கும் சின்னச் செய்தி) அனுப்பிப் பார்க்கிறது. தொடர்ந்து சில தடவை பதில் வராவிட்டால் அந்த வழியை மூடுகிறது. ஒரே தோல்விக்கு மூடினால், லேசான தடுமாற்றத்துக்கெல்லாம் வழி மாறி மாறித் தாவும். ஒரே ஒரு முகவரியை நம்பினால், அது பதில் தராத நேரத்தில் நல்ல இணைப்பும் மூடப்படும். இரண்டு மூன்று முகவரி கொடுத்துவையுங்கள். மாறும் நொடியில் வீடியோ கால் அறுபடலாம், ஐபி மாறுகிறதே!

இரண்டு ஃபைபரும் ஒரே கம்பத்தில் வந்தால் சேர்ந்தே அறும். ஒன்று ஃபைபர், மற்றது 4ஜி அல்லது 5ஜி என்று வைப்பது நல்லது. சோதிக்கும்போது ரூட்டரிலிருந்து கேபிளைப் பிடுங்காதீர்கள், அதை எந்த ரூட்டரும் கண்டுபிடித்துவிடும். மோடத்துக்கு வெளியிலிருந்து வரும் ஃபைபரைக் கழற்றிப் பாருங்கள்.