சேலமும் ஏற்காடும் ஒரே கட்டத்துக்குள்

ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "சார், செல்போனில் மழை வாய்ப்பு ரொம்பக் கம்மின்னு காட்டிச்சு. நம்பி காப்பிப் பழத்தைக் களத்தில் காயப் போட்டேன், மூணு மணிக்கு அடிச்சு நனைச்சிடுச்சு. கீழே சேலத்தில் தம்பி வீட்டில் ஒரு பொட்டு இல்லை. ஏஐ எல்லாம் வந்தாச்சுங்கிறாங்களே, அதுக்கு மலை இருக்கிறதே தெரியாதா?"

ஏறக்குறைய தெரியாது. ஏன் என்பதுதான் சுவாரசியம்.

வானிலைக் கணிப்பு என்றால் காற்றுமண்டலத்தைக் கட்டம் கட்டமாக நறுக்கி, ஒவ்வொரு கட்டத்துக்கும் வெப்பம், காற்று, ஈரப்பதம் போட்டு, இயற்பியல் சமன்பாடுகளைச் சூப்பர் கம்ப்யூட்டரில் தீர்ப்பது. இது பழைய வழி, இன்றும் இதுதான் முதுகெலும்பு. ஏஐ-யின் புது வழியில் சமன்பாடு கிடையாது, பழைய வானிலையைப் படித்தே கற்றுக்கொள்வது. கூகுள் டீப்மைண்ட் 2023-இல் வெளியிட்ட கிராஃப்காஸ்ட், 1979 முதல் 2017 வரையிலான உலக வானிலைப் பதிவைப் படித்தது. இப்போதைய நிலையையும் ஆறு மணி நேரத்துக்கு முந்தைய நிலையையும் கொடுத்தால் அடுத்த ஆறு மணி நேரத்தைச் சொல்லும், அந்தப் பதிலையே திரும்ப உள்ளே கொடுத்து நாற்பது தடவை ஓட்டினால் பத்து நாள் கணிப்பு, அதுவும் ஒரு நிமிடத்துக்குள். உண்மையிலேயே பெரிய சாதனை.

ஆனால் அதன் கட்டம் 0.25 டிகிரி, நம் பக்கத்தில் சுமார் 27 கிலோமீட்டர். சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன். சேலம் 11.66 வடக்கு, 78.15 கிழக்கு. ஏற்காடு 11.78, 78.21. இரண்டுக்கும் மிக அருகில் இருக்கும் கட்டப்புள்ளி 11.75, 78.25. அதாவது அண்ணனும் தம்பியும் ஒரே கட்டத்தில்! சேலம் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1500. நடுவில் இருபது கொண்டை ஊசி வளைவு, அடிவாரத்தில் ஃபேன், மேலே ஸ்வெட்டர், எல்லாம் சராசரியில் கரைந்துவிடுகிறது. ஒரு கட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 750 சதுர கிலோமீட்டர், ஏற்காடு வட்டம் முழுவதுமே 380 சொச்சம்தான். கட்டத்துக்குத் தெரிவது மலை அல்ல, லேசான மேடு. வங்காள விரிகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் முட்டி மேலேறும்போது நூறு மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் குளிர்ந்து மேகமாகிறதே, அந்த ஏற்றமே அங்கே சரியாக நடப்பதில்லை.

சரி, கட்டத்தைச் சின்னதாக்கினால் போதாதா? போதாது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இங்கேதான் வருகிறது.

இந்த மாடலைப் பயிற்றுவிக்கும்போது அது சொன்னதுக்கும் நடந்ததுக்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்திக் கூட்டி, அந்தத் தொகையை அபராதமாகப் போடுவார்கள். இப்போது நாகலூர், மஞ்சக்குட்டை, வாழவந்தி, செம்மநத்தம் என்று நான்கு ஊர். ஒன்றில் மட்டும் 40 மி.மீ. கொட்டப்போகிறது, எதில் என்று தெரியாது, நான்குக்கும் சம வாய்ப்பு. மாடல் தைரியமாக "நாகலூரில் 40" என்கிறது. பலித்தால் அபராதம் பூஜ்யம். பலிக்காவிட்டால் இரண்டு இடத்தில் தப்பு: சொன்ன இடத்தில் பெய்யவில்லை, பெய்த இடத்தைச் சொல்லவில்லை. 1600 + 1600, மொத்தம் 3200. நாலில் மூன்று முறை இப்படி ஆகும் என்பதால் சராசரி 2400. எங்கும் மழை இல்லை என்று கையை விரித்தால் 1600. நான்கு ஊரிலும் பத்துப் பத்து என்று சொன்னால்? 900 + 100 + 100 + 100, வெறும் 1200!

ஆக, மழுப்பினால்தான் மார்க். எல்லா ஊருக்கும் லேசான மழை என்று சொல்லும் மாடல்தான் வகுப்பில் முதல், அந்த லேசான மழை எந்த ஊரிலும் பெய்யப்போவதில்லை என்றாலும். யாரும் அதற்கு இதைச் சொல்லித்தரவில்லை, நாம் போட்ட மார்க் முறை அப்படிப் பழக்கிவிட்டது. ஃபெஞ்சல் புயல் கரையேறியபின் 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஊத்தங்கரையில் 24 மணி நேரத்தில் 50 செ.மீ. கொட்டியது; இந்தச் சராசரிப் புத்தி முதலில் வெட்டி எறிவது அந்த மாதிரி உச்சங்களைத்தான்.

இதற்கு மாற்றும் வந்துவிட்டது. அதே டீப்மைண்டிலிருந்து 2024 டிசம்பரில் வந்த ஜென்காஸ்ட் என்ற மாடல் ஒரே மழுப்பல் பதிலுக்குப் பதில், ஐம்பது அறுபது தனித்தனித் தெளிவான பதில்களைத் தரும். ஒன்றில் நாகலூர் நனையும், இன்னொன்றில் வாழவந்தி. எத்தனை பதிலில் உங்கள் ஊர் நனைகிறதோ அதுதான் வாய்ப்பு. தைவானில், சிப் நிறுவனமான என்விடியாவின் கார்டிஃப் (CorrDiff) என்ற மாடல், 25 கி.மீ. கட்டத்திலிருந்து 2 கி.மீ. கட்டத்துக்கு இறங்கக் கற்றது: முதலில் சராசரியை வரைந்துகொண்டு, விட்டுப்போன கூர்மையை அதன்மேல் ஏற்றுகிறது. மலைத் தீவு அது, நமக்குப் பொருந்தும்.

ஆனால் அது கற்றுக்கொள்ள, அந்த ஊரின் ரேடார் தகவலையும் உள்ளடக்கிய 2 கி.மீ. பதிவு கையில் இருந்தது. நம் மலையின் வடிவத்துக்குக் குறையில்லை, 2000 பிப்ரவரியிலேயே எண்டவர் விண்கலம் பதினொரே நாளில் உலக நிலப்பரப்பின் பெரும்பகுதியை ரேடாரால் அளந்துவிட்டது, 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. மழையை அந்த நுணுக்கத்தில் யார் அளந்தார்கள்? புனேயில் உருவாகி 2025 மே மாதம் அறிமுகமான பாரத் முன்னறிவிப்பு அமைப்பு 6 கி.மீ. கட்டத்துக்கு வந்திருப்பது நல்ல செய்தி. என்னைக் கேட்டால், அடுத்த சூப்பர் கம்ப்யூட்டருக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு துளியை எடுத்து மலைச்சரிவுகளில் மழைமானி நட வேண்டும். அதற்கு ரிப்பன் வெட்ட யாரும் வரமாட்டார்கள், அதுதான் சிக்கல்.

பஞ்சாங்கமாவது வருஷ மழையில் மலைக்கு இத்தனை பாகம், கடலுக்கு இத்தனை பாகம் என்று தனியாகப் பங்கு பிரிக்கிறதே என்று ஒரு நண்பர் சீண்டினார். பிரிக்கிறதுதான். வருஷக் கடைசியில் மழைமானியோடு ஒப்பிட்டு அதற்கு யார் அபராதம் போட்டார்கள்? மாடல் ஒவ்வொரு ஆறு மணி நேரத்துக்கும் குட்டு வாங்கித்தான் வளர்கிறது.

அப்புறம், கேள்வி கேட்டவருக்கு ஒன்று. காப்பித் தோட்டங்களில் தினமும் மழையளந்து நோட்டில் எழுதும் பழக்கம் உண்டு. உங்கள் தோட்டத்தில் பழைய நோட்டுகள் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எந்த வருஷத்திலிருந்து இருக்கிறது என்று மட்டும் பார்த்து எழுதுங்கள், நானே மேலே வந்து படம் எடுத்துக்கொள்கிறேன்.