வி.எஃப்.ஆர். இன்டு ஐ.எம்.சி.

சிறு விமான விபத்து அறிக்கைகளைப் படிப்பவர்களுக்கு இந்த ஆங்கிலச் சொற்றொடர் பழக்கமானது. இதற்குத் தமிழில் என்ன சொல்வது என்பதுதான் இங்கே கேள்வி. செய்தியாக வரும்போது இது 'மோசமான வானிலையால் விபத்து' என்று சுருங்கிவிடும். அது போதாது. சூறைக்காற்றில் இறக்கை முறிந்து விழுவதும் மோசமான வானிலைதான். இங்கே விமானத்தில் கோளாறு எதுவும் இல்லாமல் இருக்கலாம், காற்றுகூட அமைதியாக இருக்கலாம். விமானிக்கு வெளியே ஒன்றும் தெரியாமல் போகிறது, அவ்வளவுதான்.

முதல் பாதியான வி.எஃப்.ஆர்., விஷுவல் ஃப்ளைட் ரூல்ஸ்: தரையையும் அடிவானத்தையும் கண்ணால் பார்த்து ஓட்டுவதற்கான விதிகள். தனியார் விமானி உரிமம் தொடக்கத்தில் தருவது இந்த அனுமதியை மட்டும்தான். விமானி அறையில் உள்ள கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டத் தனிப் பயிற்சியும் தகுதியும் வேண்டும். பின்பாதியான ஐ.எம்.சி., இன்ஸ்ட்ருமென்ட் மீட்டியரலாஜிக்கல் கண்டிஷன்ஸ்: கருவிகளை நம்பி மட்டுமே ஓட்டக்கூடிய வானிலை. முன்னது மனிதர் வகுத்த விதி, பின்னது வானத்தின் நிலை. அந்த விதியோடு இந்த நிலைக்குள் போய்விடுவதைத்தான் 'இன்டு' சொல்கிறது.

'விஷுவல்' லத்தீனில் காண்பதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. 'மீட்டியரலாஜி'யின் வேர் கிரேக்கம், 'உயரே இருப்பது' என்று பொருள். எரிகல்லை மீட்டியர் என்பதும் அதே வேரால்தான்.

ஐ.எம்.சி. என்றால் மேகத்துக்குள் இருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 3,050 மீட்டருக்குக் கீழே, கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வான்வெளியில், பன்னாட்டு விதிப்படி பொதுவாக 5 கிலோமீட்டர் தூரமாவது தெரிய வேண்டும். மேகத்திலிருந்து பக்கவாட்டில் 1,500 மீட்டரும் மேலும் கீழும் 300 மீட்டரும் விலகியிருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் ஐ.எம்.சி.தான். மேகத்தைத் தொடாமலேயே ஒருவர் அதற்குள் போய்விட முடியும், பெரும்பாலும் கொஞ்சம் கொஞ்சமாக.

வெளியே தெரியாவிட்டால் என்ன, விமானம் திரும்புவது உடம்புக்குத் தெரியாதா என்று கேட்கலாம். தெரியாது. உட்செவியின் அரைவட்டக் குழாய்களில் உள்ள திரவம் திருப்பத்தின் வேகம் மாறுவதை மட்டும்தான் உணர்த்தும். ஒரே வேகத்தில் திருப்பம் நீடித்தால் திரவமும் குழாயோடு சேர்ந்து சுழலத் தொடங்கும். சில வினாடிகளில் விமானம் நேராகப் போவதாகவே தோன்றும். மிக மெதுவாகத் தொடங்கிய திருப்பமோ முதலிலிருந்தே தெரியாது. திருப்பத்தில் சாய்ந்த விமானம் உயரம் இழக்கும். உயரமானியின் முள் இறங்குவதைக் கண்ட விமானி கட்டுப்பாட்டுத் தண்டைத் தன் பக்கம் இழுப்பார். சாய்வை நிமிர்த்தாமல் இழுத்தால் சுழல் இன்னும் இறுகும். ஆங்கிலத்தில் இதற்கு 'கிரேவ்யார்ட் ஸ்பைரல்' என்று பெயர், நேர்ப்பொருள் இடுகாட்டுச் சுழல். 1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை வெளிப்பார்வை இல்லாத நிலையில் ஓட்ட வைத்துப் பார்த்தார்கள். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 வினாடி பிடித்தது.

இனித் தமிழ். 'விஷுவல்' என்றதும் 'காட்சி' என்று போடுவது வழக்கம். 'காட்சிப் பறப்பு' என்றால் விமான சாகசக் கண்காட்சி போல ஒலிக்கிறது, வேண்டாம். கண்ணும் புலமும் சேர்ந்த 'கட்புலம்' நம்மிடம் பழைய சொல். 'கட்புலனாகாத' என்று இன்றும் எழுதுகிறோம். ஆகவே வி.எஃப்.ஆர். 'கட்புலப் பறப்பு விதிகள்', ஐ.எம்.சி. 'கருவிசார் வானிலை'. முழுத்தொடர் 'கட்புலப் பறப்பில் கருவிசார் வானிலைக்குள் புகுதல்'. நீளம்தான், ஆனால் விதி எது, வானிலை எது என்று பிரித்துக் காட்டுகிறது. அறிக்கைக்கு இதுவே சரி.

பேச்சுக்கும் கட்டுரைக்கும் என் தேர்வு 'அடிவானம் இழத்தல்'. 'பார்வை இழத்தல்' என்றால் கண்ணே போனதாகிவிடும். 'மேகத்தில் சிக்குதல்' மேகமில்லாத நிகழ்வுகளை விட்டுவிடும். 1999 ஜூலை 16 இரவு, மார்த்தாஸ் வின்யார்ட் தீவை நெருங்கியபோது அமெரிக்க அதிபராக இருந்த கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர் ஓட்டிய பைப்பர் சரடோகா என்ற சிறு விமானம் கடலில் விழுந்தது. அவருக்குக் கருவித் தகுதி கிடையாது. கீழே இருண்ட கடல், சுற்றிலும் மங்கல். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் திசையுணர்வுக் குழப்பத்தைக் காரணமாகச் சொன்னது. இந்த நிகழ்வுக்கு 'அடிவானம் இழத்தல்' பொருந்தும் அளவுக்கு மற்ற இரண்டும் பொருந்தா.

இதோடு குழப்பப்படும் இன்னொரு சொல் 'ஸ்கட் ரன்னிங்'. ஸ்கட் என்பது மழைமேகத்தின் அடியில் கந்தலாக ஓடும் துண்டு மேகம். மேகம் இறங்க இறங்கத் தானும் இறங்கி, தரையை விடாமல் பார்த்தபடி போவதுதான் ஸ்கட் ரன்னிங். சில வான்வெளிகளில் இதை விதிமீறாமலே செய்யலாம் என்பதால் இதை வேறு சொல்லால் குறிப்பதே நல்லது: 'தாழ்மேகப் பறப்பு'. கீழே மலையோ கம்பமோ இடிப்பது இதன் ஆபத்து. மேலே மேகத்துக்குள் போய்விட்டால் அப்புறம் அது அடிவானம் இழத்தல்.