இன்ட்ரோஸ்பெக்‌ஷன்: தமிழில் எப்படிச் சொல்வது?

கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் நிரல், தனக்குள் இருக்கும் ஒரு பொருளிடம் (ஆப்ஜெக்ட்) ‘நீ எந்த வகை, உன்னிடம் என்னென்ன இருக்கிறது, உனக்கு என்னென்ன செய்யத் தெரியும்’ என்று கேட்டு விடை பெறுவதுதான் இன்ட்ரோஸ்பெக்‌ஷன். பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதுகிறவர்கள் இதைத் தினமும் செய்கிறார்கள். ஒரு வரி தட்டினால் உடனே விடை தரும் ஷெல்லில் பொருளின் பெயரைத் தட்டி, ஒரு புள்ளி வைத்து, டேப் விசையை அழுத்தியதும் பட்டியல் வந்து விழுகிறதே, அதற்குப் பின்னால் இருப்பது இதுதான்.

ஒன்றைச் செய்தே பார்ப்போம். பைத்தான் 3 ஷெல்லில் சொல் = "தமிழ்" என்று எழுதுங்கள். மாறியின் பெயரையும் தமிழிலேயே வைக்கலாம், பைத்தான் ஏற்றுக்கொள்ளும். டைப் (type) என்ற செயற்கூறிடம் இதைக் கொடுத்தால் str, அதாவது ‘சரம்’ (எழுத்துத் தொடர்), என்று வகையைச் சொல்லும். அப்புறம் டிர் (dir) என்ற செயற்கூறிடம் கொடுங்கள். அந்தச் சரத்தின் பண்புகள் அத்தனையும் அகரவரிசையில் வரும். முன்னும் பின்னும் இரட்டை அடிக்கோடு போட்ட பெயர்கள் முதலில் நிற்கும். அவை பைத்தானின் உள்வேலைக்கானவை. அவற்றில் ‘லென்’ என்று ஒன்று இருப்பதால்தான் சரத்தின் நீளத்தைக் கேட்க முடிகிறது. கேட்டால் 5 என்று வரும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி.

பட்டியலில் கீழே போனால் ‘இஸ்ஆல்ஃபா’ என்று ஒன்று தென்படும். என்ன செய்யும் என்று ஹெல்ப் (help) என்ற செயற்கூறிடம் கேட்டால், சரம் முழுக்க எழுத்துகளாக இருந்தால் ‘ஆம்’ என்று சொல்லும் என விளக்கம் வருகிறது. சரி, நம் சொல்லிடமே கேட்போம். ‘இல்லை’ என்கிறது! ‘தமிழ்’ எழுத்தால் ஆன சொல் இல்லையாம். காரணம், எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் எண் தரும் யூனிகோடில் இருக்கிறது. இகரக் குறியும் புள்ளியும் அங்கே எழுத்து என்ற வகையில் சேர்க்கப்படவில்லை, குறி என்ற வகையில் இருக்கின்றன. தமிழ் உரையைக் கையாளும் நிரல் எழுதுகிறவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. ஹெல்ப் தந்த விளக்கத்தில் இது இல்லை, பொருளையே கேட்டபோதுதான் தெரிந்தது. குறிமுறை எழுதும்போதே இப்படிக் கேட்டுக் கேட்டுப் போவதன் அருமை இதுதான்.

சொல்லின் வேர் லத்தீன். ‘இன்ட்ரோ’ என்றால் உள்ளே, ‘ஸ்பெக்கெரே’ என்றால் பார்த்தல். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. ஜெர்மன் உளவியலாளர் வில்ஹெல்ம் வுண்ட் 1879இல் லைப்சிக்கில் உளவியல் ஆய்வகம் தொடங்கியபோது, தன் மனத்தில் நிகழ்வதைத் தானே கவனித்துச் சொல்லும் முறைக்கு அங்கே முக்கிய இடம் இருந்தது. உளவியலில் ஊன்றிய சொல்லைக் கணினித் துறை பின்னால் எடுத்துக்கொண்டது. லிஸ்ப் மொழியிலும், 1970களில் ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் பிறந்த ஸ்மால்டாக்கிலும் இந்த வசதி வலுவாக இருந்தது. ஸ்மால்டாக்கில் பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டத் தனிச் சாளரமே உண்டு. சி மொழியில் இப்படிக் கேட்க வழியில்லை. நிரலைத் தொகுத்து முடித்ததும் பெயர்களில் பெரும்பாலானவை மறைந்துபோகும்.

இனி தமிழ். சிலர் ‘சுயபரிசோதனை’ என்கிறார்கள். தேர்தலில் தோற்ற கட்சிக்கு அது பொருந்தும், நிரலாக்கத்துக்குப் பொருந்தாது. பரிசோதனை என்றதும் நிரல் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கும் டெஸ்டிங்தான் நினைவுக்கு வரும். ‘உள்நோக்கம்’ அதைவிட மோசம். ‘உள்நோக்கத்தோடு பேசுகிறார்’ என்று வழக்கில் அதற்கு வேறு பொருள் ஆழமாகப் பதிந்துவிட்டது. என் தேர்வு ‘அகநோக்கு’. உளவியல் பாடத்தில் ‘அகநோக்கு முறை’ என்று ஏற்கெனவே புழங்குகிற சொல்தான். பொருளிடம் கேட்பது நாம்தானே, பொருள் எங்கே தன்னைத் தானே பார்க்கிறது என்று ஒருவர் கேட்கலாம். கேட்கும் வரியும் விடை சொல்லும் பொருளும் ஒரே நிரலுக்குள்தான் இருக்கின்றன. பார்ப்பது நிரல், பார்க்கப்படுவது அதன் அகம்.

கூடவே வரும் சொற்களுக்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நன்னூல் பெயர்ச்சொல்லைப் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்று ஆறாகப் பிரிக்கிறது. ஆப்ஜெக்ட்டைப் ‘பொருள்’ என்றே சொல்கிறோம். அதன் அட்ரிபியூட்டில் தரவாக இருப்பதைக் குணம் என்றும், மெத்தடாக, அதாவது பொருள் செய்யும் செயலாக, இருப்பதைத் தொழில் என்றும் பிரித்துச் சொன்னால் பள்ளியில் இலக்கணம் படித்த யாருக்கும் உடனே பிடிபடும். இரண்டுக்கும் பொதுவாகப் ‘பண்பு’ போதும்.

ரிஃப்ளெக்‌ஷன் என்ற சொல்லை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அகநோக்கு பார்ப்பதோடு நிற்கும். ரிஃப்ளெக்‌ஷன் என்பது பார்ப்பதோடு, ஓடும்போதே பண்பைச் சேர்ப்பது, மாற்றுவது வரைக்கும் போகும். ஆக, ‘பைத்தான் அகநோக்கு வசதியுள்ள மொழி’, ‘இந்தப் பொருளை டிர் கொண்டு அகநோக்கிப் பார்’ என்று தயங்காமல் எழுதலாம். ஒன்று மட்டும் கவனம்: டிர் தரும் பட்டியல் எப்போதும் முழுமையானதல்ல. கேட்கும் நேரத்தில் பண்பை உருவாக்கித் தரும்படி எழுதப்பட்ட பொருள்களும் உண்டு. அந்தப் பண்புகள் பட்டியலில் வராமல் போகலாம்.