ஆம்ப் மாற்றினால் பாட்டு மாறுமா?

"ஆம்ப் மாற்றியதும் குரல் தெளிவாகிவிட்டது" என்பார், ஸ்பீக்கருக்கு ஒலியைப் பெருக்கி அனுப்பும் ஆம்ப்ளிஃபையரை மாற்றிய ஒருவர். "இரண்டுக்குமே டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு) 0.001 சதவீதம்தான், உங்களுக்கு மட்டும் எப்படிக் கேட்டது?" என்று மடக்குவார் இன்னொருவர். இரண்டு பேருமே கேட்காமல் விடுவது ஒன்று உண்டு: இரண்டு ஆம்பும் ஒரே சத்தத்தில் ஓடினவா?

அரை டெசிபல் கூடினால் அது சத்தம் கூடியதாகத் தெரியாது, ஏதோ நன்றாக இருப்பதாகத்தான் தெரியும். மெல்லிய ஒலியில் பாஸ் (கனத்த, தாழ்ந்த ஒலி) நம் காதுக்கு எட்டுவதே கம்மி, சத்தம் ஏற ஏறத்தான் அது நிறைவாகக் கேட்கும் என்பதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-லேயே வளைகோடுகளாக வரைந்து காட்டிவிட்டார்கள். அதனால் ஒப்பிடுவதற்கு முன் ஸ்பீக்கர் முனையில் வோல்டேஜை அளந்து, வித்தியாசத்தை 0.1 டெசிபலுக்குள், அதாவது சுமார் 1 சதவீதத்துக்குள் கொண்டுவர வேண்டும். காதை நம்புகிறவருக்கும் முதலில் மல்டிமீட்டர் வேண்டும், வேடிக்கைதான்!

அப்புறம் கண். 1994-ல் ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் அதே ஸ்பீக்கர்களை அதே ஆட்களுக்குத் திரைக்குப் பின்னால் வைத்தும், திரையில்லாமலும் போட்டுக் காட்டினார்கள். கண்ணால் பார்த்ததும் மதிப்பெண்கள் மாறின. பெரிய, அழகான பெட்டிகள் மேலே போயின, சின்ன பிளாஸ்டிக் பெட்டி கீழே போனது. ஆம்பில் வித்தியாசம் கேட்கிறது என்று உறுதியாகச் சொல்பவர் எது ஓடுகிறது என்று தெரியாமல் 16 தடவை கேட்டுச் சொல்லட்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே 8 சரியாக வரும், ஆனால் 12 அல்லது அதற்கு மேல் வர 4 சதவீத வாய்ப்புதான்.

சரி, அப்படியானால் எண்ணே போதுமா? எந்த எண் என்பதைப் பொறுத்தது. டிஸ்டார்ஷன் என்பது மூல ஒலியின் அதிர்வெண்ணைப் போல இரண்டு, மூன்று மடங்கு என்று எழும் உபரி ஒலிகள், அதாவது ஹார்மானிக்குகள். அதை ஒற்றைச் சதவீதமாகச் சொன்னால், மூல ஒலிக்குப் பக்கத்திலேயே விழுந்து அதனால் மறைக்கப்பட்டுவிடும் இரண்டாம் ஹார்மானிக்கும், தள்ளி விழுந்து உறுத்தும் ஏழாம் ஹார்மானிக்கும் ஒரே கணக்கில் போய்விடும். பழைய டிரான்சிஸ்டர் ஆம்புகள் சில முழு பவரில் அருமையான எண்ணைக் காட்டிவிட்டு, மெல்ல வைத்துக் கேட்டால் கரகரத்ததும் இப்படித்தான்.

ஸ்பீக்கருக்கு நேரே மைக் வைத்து எடுத்த ஒற்றைக் கோடும் பாதிக் கதைதான், ஏனென்றால் பக்கவாட்டில் போன ஒலியும் சுவரில் பட்டு நம்மிடமே வருகிறது. சுற்றிலும் 70 கோணங்களில் அளக்கும் முறை வந்தது அதனால்தான். அந்த அளவுகளை மட்டும் வைத்து, 70 ஸ்பீக்கர்களுக்குப் பார்க்காமல் கேட்டவர்கள் என்ன மதிப்பெண் தருவார்கள் என்று ஆலிவ் 2004-ல் கணித்தபோது 0.86 அளவுக்குப் (1 என்றால் முழுப் பொருத்தம்) பொருந்தி வந்தது. அந்தச் சூத்திரத்தை உருவாக்கியதே கேட்டவர்களின் மதிப்பெண்களை வைத்துத்தான் என்பதைக் காதை நம்பும் கட்சி, எண்ணை நம்பும் கட்சி இரண்டுமே வசதியாக மறந்துவிடுகின்றன.

இதையெல்லாம் தாண்டி, சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ராஜ்ஜியம் அறையுடையது. நாற்காலியை ஓரடி நகர்த்தினால் பாஸில் வரும் மாற்றம், நல்ல ஆம்புகளுக்கு இடையே இருப்பதைவிடப் பல மடங்கு. காசைச் செலவழிக்கும் முன் அளக்கும் மைக் ஒன்றை உட்காருமிடத்தில் வைத்துப் பாருங்கள்.